அணைத்து வைத்த போனும் ஐந்தருவிப் புள்ளியும்

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. கம்ப்யூட்டர் படித்தவள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குச் சென்னையில் வேலை. நானும் மகள் யாழினியும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் மாமியாரோடு இருக்கிறோம். பிரசவ சமயத்தில், நான் இருக்கும் இடம் அவர் போனில் தெரியும்படி நானேதான் செட்டிங்கை மாற்றி வைத்தேன். மேப்பில் என் பெயரோடு ஒரு புள்ளி. பிள்ளைக்கு நாலு வயதாகியும் அது அப்படியே இருந்தது. அவர் சந்தேகப்படுகிறவர் இல்லை, பாவம், கவலைப்படுகிறவர். ஆனாலும் மருந்துக்கடையில் கொஞ்சம் கூடுதலாக நின்றால், "ஏட்டி, யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று போன் வந்துவிடும். எந்நேரமும் யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அப்படி நினைப்பதே தப்போ என்றும் இருக்கும்.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் அருவியில் குளிக்க ஆசை வந்தது. பிள்ளைக்குச் சளி, போகக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். தென்காசிக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி, வீட்டிலேயே போனை அணைத்துவிட்டு, யாழினியையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு செல்வி அக்காவோடு ஐந்தருவிக்குப் போனேன்.

குளிக்காத ஒருவர் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் போனையும் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று அது செல்வி அக்கா. பாலிதீன் கவரில் சுற்றிய போனை அவர் மடியில் வைத்து, யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"சீக்கிரம் வாட்டி, இல்லைன்னா உன் மவ என் முறுக்கையெல்லாம் தின்னு தீத்துருவா."

தலையில் தண்ணீர் விழுந்ததும் எல்லாம் மறந்துபோனது. திரும்பி வந்தபோது யாழினி இல்லை.

"இப்பம் இங்கனதானே இருந்தா!" அக்கா அழுதார். நான் கத்தினேன், அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனை ஆன் செய்தேன். நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"ஏட்டி, ஐந்தருவிக்கா போயிருக்க? பழக்கடைக்குப் பின்னால ஓடைப் பாறையில இவ்ளோ நேரமா நிக்கியே, வழுக்கும்லா? பிள்ளையப் பிடிச்சுக்கோ."

பழக்கடைப் பக்கம் ஓடினேன். கடைகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டிய பாறை விளிம்பில் யாழினி நின்றாள். வலது கையை மட்டும் சற்றே மேலே தூக்கி, பெரியவர் யாரோ பிடித்திருப்பது போல. அள்ளி எடுத்து, ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"தண்ணி பாக்க வந்தேன். நீதானே வந்து கையப் பிடிச்ச. அசையாம நில்லுன்னு சொன்ன. இப்பம் எதுக்கும்மா அழுவுத?"

நம்பினால் நம்புங்கள், அணைத்த போன் அதுவரை அக்காவின் மடியில்தான் இருந்தது. கடைசியாக இருந்த இடத்தைக் காட்டியிருந்தால்கூட மேலகரத்தைத்தானே காட்டியிருக்க வேண்டும்?

அன்றைக்கே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "இனி அந்தப் புள்ளி வேண்டாம்ட்டி. எங்கன இருக்கேன்னு நீ சொன்னாப் போதும்" என்றார். நானே அதை நிறுத்தினேன்.

போன வாரம் யாழினிக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீ வீட்லதானே இருக்க? உன் பேர்ல புள்ளி திரும்பவும் வந்துருக்கு. அதே பாறையில. எடுத்துரட்டுமா?"

யாழினியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாங்க," என்றேன். "இப்பம் அங்கன யாரு பிள்ளை நிக்குதோ."