மருமகனின் படகு

றஞ்சிதா அக்காவுக்கு மனிதர்கள் மீது அன்பு உண்டு, நம்பிக்கை கிடையாது. மன்னார் நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கும் படிப்பை விட்டவர்களுக்கு உதவும் எங்கள் சின்னக் கந்தோருக்கு வந்து, "நான் திரும்பப் படிக்கப்போறன்" என்று யாராவது சொன்னால், அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. கதிரையைக் காட்டுவார். "இருங்கோ. முதல் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்பார். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு படியிறங்கிப் போய்விடுவார்கள். மீதிப் பேரை அவர் பிடித்த பிடி விடமாட்டார்.

"சேத்துவிடுறது ஒரு காலமைப் பொழுது வேலை, பிள்ளை. முடிக்கவைக்கிறதுதான் எங்கட வேலை" என்பார்.

எங்கள் மாவட்டத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் குறைவில்லை. இடப்பெயர்வில் விட்டவர்கள், கலியாணத்தில் விட்டவர்கள், வீட்டுக்கு உழைக்கப் போய் விட்டவர்கள். அக்காவே விடத்தல்தீவில் பிறந்து, முகாம் முகாமாக அலைந்து, கூடப் படித்தவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் பட்டம் எடுத்தவர். ஆகவே சாக்குப்போக்கு எதுவும் அவரிடம் எடுபடாது. கடைசிப் பரீட்சை நாளில் அவர் யாரையும் தானாக வரச் சொல்ல மாட்டார். வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடிய வீட்டு வாசலுக்கே போய் நிற்பார். பரீட்சை மண்டபத்துக்குள் ஆளை அனுப்பிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். இதை நான் பல தடவை கேலி செய்திருக்கிறேன். எருமையை வயலுக்கு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். "எருமை தானாப் போகும்" என்றார்.

நான் வேணுஜா. அந்தக் கந்தோரில் இரண்டாவது கதிரை என்னுடையது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்க்காரி. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் மட்டும்தான். அன்று விடிய ஓலைத்தொடுவாய் என்ற மீனவ ஊருக்குப் போகும்போதும் அப்படித்தான் இருந்தேன்.

மில்ரனை ஏற்றத்தான் போனோம். முப்பத்தாறு வயது, மீன்பிடிக்கிறவர். வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து, தொழிலுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இழுபட்டு இழுபட்டு, எல்லாப் பாடமும் முடித்து ஒன்று மட்டும் மிச்சம். அந்த ஒன்றில் ஒரு தடவை தவறினார். மறு தடவை மகளுக்குக் காய்ச்சல் என்று போகவே இல்லை. பதிவுக்காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. இன்று யாழ்ப்பாணத்தில் மத்தியானம் நடக்கும் பரீட்சையை விட்டால், இத்தனை வருடம் படித்தது அத்தனையும் ஒன்றுமில்லாமல் போகும். இனி முதலிலிருந்து தொடங்க அவருக்குத் தெம்பும் இல்லை, வயதும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. மேசையில் சேட்டு ஒன்று இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வானோட்டி அப்துல் றசாக் அண்ணன் கடற்கரைப் பக்கம் பார்த்துவிட்டு, "ஊரே அங்கதான் நிக்குது. ஏதோ சரியில்லை" என்றார்.

கரையில் ஆண்கள் படகுகளிலிருந்து வலைகளை இறக்கி மணலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலைக்குப் பதிலாக எண்ணெய்க் கலன்களும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏறின. பெண்கள் ஒரு பக்கம் கூடி நின்று செபமாலை சொன்னார்கள். அதைப் பார்த்த உடனே அக்காவின் நடை நின்றது.

"ஆரோ வரேல்லை" என்றார்.

வராதவர் யாகப்பர். மில்ரனின் மாமனார். வழக்கமாக மாமனும் மருமகனும் ஒரே படகில் போகிறவர்கள். முதல்நாள் பின்னேரம் யாகப்பர், "நீ இருந்து படி, நான் ஒரு இழுப்பு இழுத்துப்போட்டு விடியமுன்னம் வாறன்" என்று மருமகனைக் கரையில் விட்டுவிட்டு, தன்னுடைய சின்னப் படகில் தனியாகப் போயிருக்கிறார். இரவில் காற்று எழும்பியது. அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. நேவிக்கும் அறிவித்துவிட்டார்களாம்.

மில்ரன் தன் படகின் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். எங்களைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, நான் வரேலாது. கோவிக்காதேங்கோ."

சாக்குச் சொல்கிறவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற அக்காவின் வாய் மூடிக்கொண்டது. எனக்கோ பொறுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"இத்தினை படகு தேடப்போகுது. உவர் மில்ரன் ஒராள் போறதால என்ன கூடப்போகுது? சொல்லுங்கோவன் அக்கா."

"உனக்குத் தெரியாது. வாயை மூடு" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, மெல்லச் சொன்னார். "ஒரு ஆள் கடலில காணாமப்போனா, படகு வைச்சிருக்கிற வீடெல்லாம் படகை இறக்கவேணும். ஆள் கிடைக்குமட்டும் ஒருத்தரும் வலை போடாயினம். அண்டைக்கு எந்த வீட்டுப் படகு கரையில நிண்டதெண்டு ஊர் மறக்காது. அதுவும் மருமகன்ர படகு. அதுவும் இவருக்காகத் தனியப் போன மனுசன். இவர் இண்டைக்குச் சேட்டும் களிசானும் போட்டுக்கொண்டு வானில ஏறினா, நாளைக்கு இவருக்கு ஒரு அந்தரம் ஆபத்தெண்டா ஆர் கடலில இறங்குவினம்?"

எனக்கு விளங்கியது, ஆனால் கோபம் ஆறவில்லை. விளங்குகிற கோபம் இன்னும் பொல்லாதது. மில்ரனின் மனைவி அஞ்சலா பெண்களை விட்டுத் தள்ளி, தண்ணீரில் கால் நனைய நின்றாள். அவளிடம் போனேன். போயிருக்கக் கூடாதுதான். நீங்களாவது ஒரு சொல்லுச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னைக் கேக்காதேங்கோ தங்கச்சி. சோதினைக்குப் போ எண்டா நான் மகளில்லை. நில் எண்டா நான் பெண்சாதியில்லை."

நான் திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றேன். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி, பூநகரி தாண்டி யாழ்ப்பாணம் போய்ச்சேர எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை றசாக் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் படகுகள் போய்விட்டன. அக்கா அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியதா தெரியாது.

அப்போதுதான் றோய் வந்தான்.

றோய் யாகப்பரின் மகன், அஞ்சலாவின் தம்பி. அவனுக்கும் மில்ரனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கரையில் படகு ஏற்றி வைக்கும் இடத்தைப் பற்றி எப்போதோ வந்த வாய்த்தர்க்கம், நாலு வருடமாகக் கோயிலில் கூட ஆளுக்கொரு பக்கம். றோய் மணலில் நேராக மில்ரனை நோக்கி வந்தான். செபம் சொன்ன பெண்கள் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் தூக்கியவர்கள் கலனைக் கீழே வைத்தார்கள். அடி விழப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மில்ரனும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒதுங்காமல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

றோய் அவர் முன்னால் வந்து நின்று, முகத்தை அக்காவின் பக்கம் திருப்பினான்.

"அக்கா, உவரைக் கேளுங்கோ. அப்பா ஏன் தனியப் போனவர் எண்டு."

கையெட்டும் தூரத்தில் நிற்கிறவருக்கு அக்கா வழியாகக் கேள்வி போனது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்காண்டித்தான்" என்றார் மில்ரன், அவரும் அக்காவைப் பார்த்து. "நான் படிக்கவேணுமெண்டு. என்ர பிழைதான் எண்டு சொல்லுங்கோ."

"பிழை ஆரின்ர எண்டு நான் கேக்கேல்லை. இண்டைக்கு உவர் சோதினை எழுதாட்டி, எங்கட அப்பா என்னத்துக்குத் தனியப் போனவர் எண்டு கேளுங்கோ."

அக்கா அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை. அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கடைசியில் மில்ரன் கேட்டார். இம்முறை யாரைப் பார்த்துக் கேட்டார் என்று சொல்ல முடியாது.

"உவரின்ர படகை நான் கொண்டுபோறன். என்ர படகு கரையில நிக்கட்டும். மருமகன்ர படகு நிண்டாத்தான் கதைப்பினம். மகன்ர படகு நிண்டா என்னட்டக் கேக்கட்டும், நான் மறுமொழி சொல்லுறன்."

சொல்லிவிட்டு றோய் மில்ரனின் கையிலிருந்த எண்ணெய்க் கலனை வாங்கினான். எமில் என்ற அயல்வீட்டுக்காரன் பின்பக்கம் தள்ள, படகு தண்ணீரில் இறங்கியது. றோயின் சொந்தப் படகு, நீலமும் வெள்ளையும், வலையோடு அப்படியே மணலில் கிடந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் அதைப் பார்த்தார், மில்ரனைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

றஞ்சிதா அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "மில்ரன், சேட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ. மூஞ்சை கழுவுறதை வழியில பாப்பம்."

விடத்தல்தீவைக் கடக்கும்போது கூட, தன் ஊர் வந்தால் ஏதாவது சொல்லும் அக்கா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்ரன் குறிப்புகளை மடியில் விரித்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். றசாக் அண்ணன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பரீட்சை தொடங்கச் சற்று முன்னர்தான் வாசலில் இறங்கினோம். மில்ரன் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தார்.

"அடிச்சா எடுங்கோ அக்கா. ஆனா என்னை வந்து கூப்பிடாதேங்கோ. கூப்பிட்டா நான் வந்திடுவன்."

அவர் உள்ளே போனார். அக்கா தேத்தண்ணி குடிக்கவில்லை. மதில் ஓரம் ஒரு வேப்பமர நிழலில் இருந்து, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அஞ்சலாவுக்கு இரண்டு தரம் அழைத்துப் பார்த்தேன், அவள் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் அழைக்கப் போனபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

பரீட்சை முடிய இன்னும் நேரம் இருக்கையில் தொலைபேசி அடித்தது. றோய். எனக்கும் கேட்கட்டும் என்று அக்கா சத்தத்தைக் கூட்டினார். காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் கலந்து வந்தன.

"அவனிட்டக் குடுங்கோ அக்கா."

காலையில் 'உவர்' என்று தள்ளி வைத்துப் பேசியவன் இப்போது 'அவன்' என்றான்.

"உள்ளுக்க எழுதிக்கொண்டிருக்கிறார் தம்பி. அப்பா கிடைச்சிட்டாரோ? என்னண்டு சொல்லு."

மறுபக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. "முடிஞ்ச உடனை என்னோட கதைக்கச் சொல்லுங்கோ. நான் அவனிட்டத்தான் சொல்லுவன்."

வைத்துவிட்டான். அக்கா உடனே திருப்பி அழைத்தார். அவன் எடுக்கவில்லை. இன்னொரு தரம் அழைத்தார். அதற்கும் இல்லை.

நல்ல செய்தி என்றால் சொல்லியிருப்பான் என்று நான் சொன்னேன். கெட்டதென்றால் உடனே வரச் சொல்லியிருப்பான் என்றார் அக்கா. இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. உள்ளே போய்க் கூப்பிடட்டுமா என்று ஒரு கட்டத்தில் அக்காவே எழும்பினார். வாசல் வரை போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்பி வந்து இருந்தார். எத்தனையோ பேரை உருட்டி மிரட்டிப் பட்டதாரியாக்கிய அவர் கை மடியில் கிடந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன், அவர் இழுக்கவில்லை.

மணி அடித்தது. மில்ரன் எல்லாருக்கும் பின்னால் வந்தார். கடைசி நிமிடம் வரை எழுதியிருக்கிறார், விரலில் மை. எங்கள் முகத்தைப் பார்த்தவர் கையை நீட்டினார். அக்கா தொலைபேசியைக் கொடுத்து, "றோய் உங்களோட கதைக்கவேணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் இரண்டு அடி தள்ளிப்போய் நின்று அழைத்தார். "மச்சான்" என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு. பிறகு, "ஓம். எழுதினனான்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஓம், முழுக்க எழுதினனான்" என்றார். அதன்பிறகு கேட்டுக்கொண்டே நின்றவர், மெல்ல மெல்லக் குந்தி, மதிலில் சாய்ந்து, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தார்.

அக்கா போய் அவர் பக்கத்தில் மண்ணில் இருந்தார். "என்னவாம், மில்ரன்?"

"மாமாவைப் படகுக்குள்ளயே கண்டெடுத்தவையாம். நெஞ்சு நோவாக்கும் எண்டு சொல்லினம். உயிர் இல்லையாம்." அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்தார். "அவன் முதல் சோதினை எழுதினனியோ எண்டுதான் கேட்டவன், அக்கா. நான் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் அழுதவன்."