யாருடைய சரக்கு என்று கேட்டவர்

சென்னை பெரியமேட்டில் தோல் விலை பேசிக்கொண்டிருந்தபோது டிரங்க் கால் வந்தது. ஆம்பூர் தனகோபால் காலமாகிவிட்டார். பேரத்தை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவராக இருந்தால் பாதியில் எழுந்து ஓடியிருப்பார். அந்த நல்ல பெயரும் அவருக்கே.

எழுபதுகளில் இருவரும் ஒன்றாகவே ஆட்டுத்தோல் வியாபாரம் தொடங்கினோம். பல பேர் தோல் ஒரே தொட்டியில் ஊறும். யாருடையது என்று தெரிய, ஓரத்தில் அவரவர் குறியைக் குத்திவிடுவோம். நானும்தான் குத்தினேன். அதிலிருந்து யோசனை பிறந்தது அவருக்கு மட்டும்.

மூன்று வருடம் முன்பு, வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் ஆளுக்கொரு பகுதி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பகுதி. தனகோபால் தம் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் முதலில் தோலில் குத்தும் அதே கம்பெனிக் குறி, பிறகு பச்சைத்தோலா பதனிட்டதா என்று ஒரே ஒழுங்கில் பெயர் வைத்தார். தேடும்போதும் யார் பகுதி என்று சேர்த்தே கேட்பார். “இன்னாய்யா, லிஸ்ட்டுக்கெல்லாம் இனிஷியலா?” என்று சிரித்தேன். என் ‘ஸ்டாக்’ பட்டியலின் பெயரை ஒருநாள் ‘நியூஸ்டாக்’ என்று மாற்றினேன். மாற்றியதை மறந்தும் போனேன்.

சென்னை ஏற்றுமதிக்காரர் வந்த அன்று, ‘ஸ்டாக்’ என்று மட்டும் தட்டினேன். நாலாயிரம் தோல் என்று காட்டியது. பின்னால் நின்ற தனகோபால் காதருகே சொன்னார்:

“அண்ணே, இது உங்க சரக்கு இல்ல.”

“என் பகுதியத் தொறந்துதானே கேட்டேன்?”

“உங்க பகுதியில அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லண்ணே. இல்லன்னா கம்ப்யூட்டரு பொதுப் பகுதியில போய்த் தேடும். அங்க போன வருசத்து லிஸ்ட்டு கெடக்குது.”

“என் ஆர்டர் மேல உனக்குக் கண்ணு. போய்யா!”

நாலாயிரம் தோலுக்கு ஆர்டரில் கையெழுத்துப் போட்டேன். கிடங்கில் பார்த்தால் பாதிகூட இல்லை. சொன்ன நாளில் அனுப்பாவிட்டால் சந்தையில் என் வாக்குக்கு மதிப்பிருக்காது. மறுநாள் காலை, குறைந்த தோலைத் தன் சரக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு தனகோபாலின் லாரி என் வாசலில் நின்றது.

“மொதல்ல பேக் பண்ணுங்கண்ணே. பேச்செல்லாம் அப்புறம்.”

ஏற்றுமதிக்காரர் தோலோரத்தில் தனகோபாலின் குறியைப் பார்த்து, அடுத்த முறை அவரைத் தேடிப் போனார். திட்டம் போட்டு என் ஆர்டரைப் பறித்தார் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். அவர் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை. பொய் அவர் காதுக்கும் போயிருக்கும். என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்.

நேற்று அவர் தெருவில் நடக்க இடமில்லை. எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று தலைகளை எண்ணிக்கொண்டேதான் மாலை போட்டேன். தனகோபால், பொறாமை இன்னும் தீரவில்லை. அந்தப் பொய்யை மட்டும் இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோர் முன்னும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.