நான்காம் எண்ணுக்கு எதிரே ஒரு கோடு

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் மொத்தம் பதினெட்டுப் பேர். நடுவர்கள் இரண்டு பேர், ஒருவர் வயலின்காரர், இன்னொருவர் வாய்ப்பாட்டு அம்மா. இருவரும் மேடையில் கச்சேரி செய்கிறவர்கள், கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுக்கிறவர்கள். போட்டியை நடத்திய மன்றத்தின் செயலாளர் ஒருவர். மிருதங்கம் வாசிக்க வந்தவர் ஒருவர். பாட வந்த பெண்பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள் எட்டுப் பேர். அப்புறம் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற நான்.

இந்தக் கணக்கைப் போலீஸ் பாலாயில், அதாவது ஸ்டேஷனில், மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும், யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி விரல் விட்டு எண்ணினேன்.

ஈப்போ சிலிபினில் இருக்கிற சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. மேடைக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு நீலத் துணியைக் கட்டி, அதற்குப் பின்னால் நடுவர்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். பாடுகிற பிள்ளையை அவர்கள் பார்க்கக்கூடாது, அவர்களைப் பிள்ளையும் பார்க்கக்கூடாது. பேர் கிடையாது, எண் மட்டும்தான். முதலாவது வருகிற பிள்ளை ஃபைனலுக்குப் போகும். என் மிக்சர் மேசை துணியின் ஓரத்தில் இருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கக் கூடாது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த வயலின்காரரின் விரல்கள் இன்றைக்கு முழுசாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் மூன்று பிள்ளைகள் பாடி முடித்தார்கள். நான் பாட்டை எங்கே கேட்டேன்? மைக்கில் ஷாக் அடிக்குமா, வயர் தடுக்கி யாராவது விழுவார்களா என்பதுதான் எனக்குக் கவலை. நாலாம் எண் பிள்ளை கல்யாணி ராகத்தை எடுத்தாள், கச்சேரிகளுக்கு மைக் போட்டுப் போட்டு அதுமட்டும் எனக்குத் தெரியும். மேல் காந்தாரத்தைத் தொட்டு, அங்கே நிற்காமல் ஒரு அசைவு கொடுத்துக் கீழே வந்தாள். துணிக்குப் பின்னால் வயலின்காரரின் பேனா நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் தாளில் நாலுக்கு எதிரே ஒரு கோடு போட்டார். எண் இல்லை, வெறும் கோடு. பக்கத்தில் அந்த அம்மா எண்பத்தெட்டு என்று எழுதினார்.

ஐந்தாவது பிள்ளையும் பாடி முடித்தபோது செயலாளர் என்னிடம் ஓடி வந்தார். வாசலில் சாப்பாட்டுக்காரனோடு ஏதோ சண்டை. மூக்குக் கண்ணாடியையும் வீட்டில் விட்டுவிட்டாராம்.

"அண்ணே, ரெண்டு தாளையும் கூட்டி இதுல எழுதிருங்க லா. அஞ்சே பேரு. போன்ல கால்குலேட்டர் இருக்குல்ல?"

"நான் படிவம் ரெண்டோட பள்ளிக்கூடத்த விட்டவன்ங்க."

"கூட்டத் தெரியும்தானே? அப்புறம் என்ன!"

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மா பால் மரம் வெட்டியவர். அங்கே செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் பேருக்கு எதிரே கோடு விழுந்தால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, சம்பளம் இல்லை என்று அர்த்தம். கணக்கெழுதுகிற கிராணி கோடு போட்ட நாளில் எங்கள் வீட்டில் அடி விழும். அப்பா அம்மாவை அடிப்பார், அம்மா என்னை அடிப்பார். கோட்டைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. நாலாம் எண்ணுக்கு எதிரே எண்பத்தெட்டு, சுழி, மொத்தம் எண்பத்தெட்டு என்று எழுதினேன். மற்ற நாலு பிள்ளைகளும் நூற்று ஐம்பதுக்கு மேல். அதிகமாக வாங்கியது நூற்று எழுபத்தொன்று. இரண்டு தடவை சரிபார்த்தேன். நடுவர்களின் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கையெழுத்துத் தாளை மட்டும் செயலாளரிடம் கொடுத்தேன்.

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மைக்கில் எல்லாவற்றையும் படித்தார். மொத்தத்தை மட்டும் படித்திருக்கலாம். "எண் நாலு, ஒருத்தர் எண்பத்தெட்டு, ஒருத்தர் சுழி" என்று படித்தார்.

நாலாம் எண் பிள்ளை தாவணியை வாயில் வைத்துக் கடித்தாள். அவள் அப்பா எழுந்தார். சிம்பாங் பூலாய் மலையில் கல் ஏற்றுகிற லோரி இரண்டு வைத்திருப்பவர். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும் ஆள்.

"சுழியா? பாடுனதுக்குச் சுழியா? ஊமைக்கே ரெண்டு மார்க்கு போடுவானுங்க லா! எவன்டா அது? வெளிய வாடா!"

துணியைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து மேசை மேல் விழுந்தது. வயலின்காரரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"நீயா? எம் பொண்ணு ஒங்க வகுப்புலேருந்து நின்னுட்டான்னு சுழி போட்டியா?"

"நான் சுழி போடல. கேளுங்க, நான் வந்து..."

அவ்வளவுதான் பேச முடிந்தது. என் மைக் தண்டு பக்கத்தில் நின்றது, அடியில் வட்டமான இரும்புத் தட்டு வைத்தது. லோரிக்காரர் அதைத் தலைகீழாகத் தூக்கி வீசினார். வயலின்காரர் முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினார். இரும்பு கையில் இறங்கிய சத்தத்தை, மூடாமல் கிடந்த மைக் மண்டபம் முழுக்கப் போட்டுக் காட்டியது. நான்தான் வால்யூம் வைத்திருந்தேன். அந்தச் சத்தத்துக்கும் நான்தான் வால்யூம் வைத்திருந்தேன்.

இரண்டாவது அடி மேசையில் விழுந்து பலகை பிளந்தது. மிருதங்கக்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். முழங்கையால் ஒரு இடி. மிருதங்கக்காரர் மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளை ஜிப்பாவில் கொட்டியது. வாய்ப்பாட்டு அம்மா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அந்த ஆளின் வாயிலேயே அடித்தார்.

"பாட்டுப் போட்டிக்கு வந்தியா, கல்லு ஒடைக்க வந்தியா? தூ!"

நான் எங்கே இருந்தேன் என்று போலீஸில் கேட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

மற்ற அப்பாக்கள் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். என் வேன்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் வயலின்காரரை நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனேன். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் துண்டில் வைத்திருந்தார். கை வீங்கி ரொட்டி மாவு போல் ஆகிக்கொண்டிருந்தது. வயலின்காரர் அதைப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, கண்ணாடியில பாருங்க. சுண்டு விரல் அசையுதா?"

"அசையுது சார்" என்றேன். அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போதுதான் அவர் அந்த அம்மாவிடம் சொன்னார். நான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"அவ எங்கிட்ட எட்டு மாசம் படிச்ச பிள்ளை. அந்தக் காந்தாரத்த நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குரல் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. தெரிஞ்ச பிள்ளைக்கு மார்க் போடக்கூடாதுல்ல? கோடு போட்டேன். கோடு போட்டா இன்னொருத்தர் மார்க்க ரெண்டால பெருக்கணும்னு செயலாளர்கிட்ட காலையிலயே சொன்னேன். எவன் சுழின்னு எழுதினான்?"

"ரெண்டால பெருக்குனா நூத்து எழுபத்தாறு" என்றார் அந்த அம்மா. "அவதான் முதலாவது."

தாள்கள் என் சட்டைப் பையில் இருந்தன. நெஞ்சில் நெருப்புத் துண்டு இருப்பது மாதிரி இருந்தது. சொல்லவில்லை. லோரிக்காரர் ஜாமீனில் வந்தால் முதலில் என்னைத் தேடி வருவார் என்றுதான் நினைத்தேன். மனைவியை, வேனை, கடையை எல்லாம் நினைத்தேன். டீ வாங்கி வாரேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வயலின்காரருக்கு இரண்டு விரல் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. கம்பி வைத்தார்கள். அதோடு முடியவில்லை. ஜாமீனில் வந்த லோரிக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார். ஈப்போ முழுக்க அது ஓடியது. வகுப்பிலிருந்து நின்ற பெண்பிள்ளையை வாத்தியார் பழிவாங்கினார், ஏன் நின்றாள் என்று அவரையே கேளுங்கள் என்று அதில் ஒரு மாதிரி இழுத்துச் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் வயலின்காரரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஈப்போ வீட்டில் அவர் நடத்துகிற சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. வாசல் கேட்டில் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்.

அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். "அண்ணே, மார்க் தாள் உங்ககிட்ட இருக்கா? செயலாளர் தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறாரு. அந்தக் கோடு இருந்தா இவரு வேல தப்பும்."

"இல்லைங்க டீச்சர். நான் பார்க்கல."

என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தாள்கள் அலமாரியில் என் பாஸ்போர்ட்டுக்குள் இருப்பது அவருக்குத் தெரியும்.

"அந்த மனுசன் வேல போனா நீங்க சோறு திம்பீங்களா?"

"லோரிக்காரன் என்னைக் கொன்னுருவான்."

"இப்ப மட்டும் உசுரோடயா இருக்கீங்க? நாலு நாளா ரசம்தான் குடிக்கிறீங்க. போய்த் தொலைங்க லா."

பல்கலைக்கழகத்துக்குத் தாளை அனுப்பினால் மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எப்படியும் லோரிக்காரருக்குத் தெரிந்துவிடும், எந்த நாள் வருவாரோ என்று காத்துக்கொண்டு கிடக்க என்னால் முடியாது. அதனால் அந்த அம்மாவுக்குத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நேராகச் சிம்பாங் பூலாய்க்கு ஓட்டினேன். பட்டறையில் அவர் லோரிக்கு அடியில் படுத்திருந்தார். நாலாம் எண் பிள்ளை ஒரு டயர் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? ஓ, மைக்குக்காரனா. தண்டு வளஞ்சிருச்சுன்னு காசு கேக்க வந்தியா மச்சான்?"

தாள்களை நீட்டினேன். எனக்குப் பேச்சு ஒழுங்காக வரவில்லை. கோடு, சுழி, பெருக்கல், எல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். பிள்ளைதான் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தாள்.

"ப்பா, சார் சுழி போடல. இவரு போட்டாரு. நான் ஃபர்ஸ்ட்டு ப்பா."

அவர் வெளியே வந்து நிமிர்ந்தார். முதல் அறையில் என் காது அடைத்துப் போனது. இரண்டாவதில் கீழே விழுந்தேன். விலாவில் மிதித்தார். பூட்ஸ் கால். வாயில் மண்ணும் ரத்தமும். எத்தனை என்று எண்ணினேன், ஐந்து வரை எண்ணினேன். ஆச்சரியம்தான், பயம் அதற்குள் முடிந்திருந்தது. வலி மட்டும்தான் இருந்தது.

பிள்ளை கத்தினாள். "அடிங்க! நல்லா அடிங்க! ஃபைனலுக்கு இப்ப யாரு என்னைக் கூப்பிடுவா? அவரு கைய ஒடச்சது இவரா, நீங்களா?"

அவர் நின்றார். பிறகு திரும்பிப் போய், கையில் இருந்த ஸ்பானரால் தன் லோரியின் முன் கண்ணாடியை அடித்தார். அது உடைந்து கொட்டும்வரை அடித்தார். கண்ணாடித் துண்டு அவர் புருவத்தைக் கிழித்தது. துடைக்கவில்லை.

"போடா. வெட்டிருவேன், போடா" என்றார், முதுகைக் காட்டிக்கொண்டு.

மறுநாள் அவருடைய குரல் பதிவு இன்னொன்று வந்தது. வாத்தியார் மேல் தப்பில்லை என்று ஒரே வரி. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. பல்கலைக்கழக விசாரணையில் வயலின்காரரை விட்டுவிட்டார்கள். லோரிக்காரர் அடித்த வழக்கு இன்னும் நடக்கிறது.

ஆறு வாரம் கழித்து, நான் விலாக்கட்டோடு வயலின்காரர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் சிவப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த அம்மாவும் இருந்தார். வயலின்காரர் வயலினைத் தோளில் வைத்து எனக்கு ஒன்று காட்டினார். உடைந்து ஒட்டிய மோதிர விரலையும் சேர்த்து மூன்று விரல் தந்தியில் நின்றது, சுண்டு விரல் மட்டும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது.

"மன்னிச்சிருங்க சார்."

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. தாள் பையில இருந்துச்சு. இல்லையா?"

"ஆமா சார்."

"அசையுதுன்னு சொன்னீங்க."

"பொய் சார்."

"மன்னிக்கிறதுக்கெல்லாம் எனக்கு இப்ப தெம்பு இல்லண்ணே. ரெண்டாவது ஆப்பரேஷன் தனியார் ஆஸ்பத்திரியில. ஒன்பதாயிரத்து அறுநூறு ரிங்கிட். அடிச்சவன் பாதி தரேன்னு வக்கீல்கிட்ட சொல்லியிருக்கான். மீதி நீங்க."

"அவருகிட்ட ஏன் கேக்குறீங்க? மைக்கு வச்சுப் பொழைக்கிறவரு" என்றார் அந்த அம்மா.

"கேக்கட்டுங்க டீச்சர்" என்றேன். கேட்டது எனக்கு நல்லதாக இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு என்னை அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஆப்பரேஷன் முடிந்தது. விரல் பாதி மடங்குகிறது. மேடைக்கு அது போதாது, பாடம் சொல்லப் போதும். மாதம் இருநூறு வெள்ளி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்குகிறார், டீ கொடுப்பதில்லை. பதினொரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளி பாக்கி.