ஆறு வெடியும் நின்றபடி

பழைய காலத்துத் துவக்கு என்றால் அதன் சத்தமும் பழசாகி, நனைந்த பட்டாசு மாதிரிப் 'புஸ்' என்று போகும் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒன்றை வாங்கவும் புறப்பட்டேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் வீட்டு டிவிகளெல்லாம் சொன்ன வைகாசி மாதம் அது. ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மெசினில் நின்ற வெள்ளைக்கார நண்பருக்கு ஒரு விசித்திரப் பொழுதுபோக்கு இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய றிவோல்வர்களை அச்சொட்டாகப் பார்த்துச் செய்த பிரதிகளில், கறுப்பு வெடிமருந்தைக் கையால் அளந்து போட்டுச் சுடுவார். "சனிக்கிழமை கிளப்புக்கு வா. என்னிடம் இரண்டு இருக்கிறது. எது உன் கைக்குச் சரி என்று பார். பிறகு லைசென்ஸ் எடுத்து வாங்கலாம்" என்றார்.

இருபது வருடமாகத் துவக்குச் சத்தம் கேட்டால் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. சண்டை முடிந்த கையோடு இந்த நடுக்கத்தையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மனைவி நினைக்கவில்லை.

"உலகமெல்லாம் துவக்கைக் கீழ வைக்குது. நீங்கள் தூக்கப் போறியளோ?"

"உது சும்மா பழைய சாமானப்பா."

"போன கனடா டேக்கு வாணம் விடேக்க மேசைக்குக் கீழ போனது ஆர்?"

"பூனை."

"எங்களிட்டப் பூனை இல்லை." அவள் சிரிக்கவில்லை. "ஆறு வெடியையும் நிண்டுகொண்டு சுட்டால் வாங்குங்கோ. இல்லாட்டி உந்தக் கதையை விடுங்கோ."

கிளப் வாசலில் செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் எங்கள் காரை மறித்தார். "முதல் தடவையா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் காருக்கு வெளியே நின்றேன். ஒரு கையில் அடையாள அட்டை. மறு கையால் போட்டிருந்த சேட்டை நெஞ்சுவரை தூக்கியிருந்தேன். இடுப்பில் குண்டு கட்டவில்லை என்று ஊரில் சோதனைச் சாவடிகளில் காட்டிப் பழகிய உடம்பு. மனிதர் என் வயிற்றைப் பார்த்தார்.

"நல்ல வயிறு. இதில் பெயரை எழுதுங்கள்."

மேசையில் இரண்டு றிவோல்வர்கள். ஒன்றின் உடல் பித்தளை, குத்துவிளக்குப் போலப் பளபளத்தது. நான் மடக்கிய விரல் மொழியால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோனேன். பித்தளை என்றால் தட்டித்தானே வாங்குவோம்? நண்பர் தலையில் கைவைத்தார். பித்தளை மென்மையானது, பலமான மருந்துக்கு நாளடைவில் தளர்ந்துவிடும் என்றார். புதியவனுக்கு எஃகுதான் நல்லது. குண்டும் சிறியதாக இருந்தால் கை உதறாது. எஃகுத் துவக்கைக் கையில் வைத்தார். ஒரு குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினேன். அந்தக் குளிர்ந்த பாரம் நான் நினைத்ததைவிட அதிகம்.

பிறகு அதை நிரப்புவதைப் பார்த்தேன். உருளையிலிருந்த ஒரு குழிக்கு மருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து, நெம்புகோலால் அமுக்கினார். குண்டின் ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையமொன்று சீவுப்பட்டு விழுந்தது. அதன்மேல் கொழுப்புப் பூசினார். இப்படி ஆறு குழி. கடைசியில் பின்புறம், அடிபட்டதும் பொறி தட்டும் ஆறு சின்னச் செப்புத் தொப்பிகள். அதற்குள் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்திருக்கலாம். நான் அறிந்த துவக்குகள் ஆறு வெடியை ஒரு மூச்சுக்குள் கொட்டிவிடும்.

"இதை வைத்துச் சண்டை பிடித்தால், நிரப்பி முடிக்க முதல் இரண்டு பக்கமும் சமாதானமாகிவிடுமே!"

நண்பர் நிமிரவில்லை. "அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை இதை வைத்தும்தான் நடந்தது. யாரும் சமாதானமாகவில்லை."

இவ்வளவு பொறுமையாக அளந்து, அமுக்கி, பூசிக்கூட மனிதன் மனிதனைச் சுட்டிருக்கிறான்.

காதுமூடியைப் போட்டுக்கொண்டு, விசையை இழுத்தேன்.

சத்தம் காதால் வரவில்லை, நெஞ்செலும்பால் வந்தது. என் கையிலிருந்து வெள்ளை மேகமொன்று புறப்பட்டு, இலக்கை, மரங்களை, வானத்தை மூடியது. அதற்குள் ஒரு நெருப்பு நாக்கு. ஊரில் எத்தனையோ வெடி கேட்டிருக்கிறேன். வெடியின் இந்தப் பக்கத்தில் நின்றது அன்றுதான். துவக்கை மேசையில் மெதுவாக வைத்தது நினைவிருக்கிறது.

முதல் வெடியை நின்றபடி சுட்டேன். மற்ற ஐந்தையும் நண்பர் சுட்டார். அவை முடியும்வரை நான் புல்லில் குப்புறக் கிடந்தேன். துவக்கு வாங்கவில்லை.