காப்புக் கட்டின ஊரில் மூணாவது பாட்டு

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, முப்பது வயசுக்குள் சொந்தமாக ஒரு வேன் வாங்கினேன். எண்பதுகளில் அதியமான்கோட்டையில் சொந்த வேன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பின்னால் லாரிகளும் வந்தன, அது வேறு கதை. அந்த வேனில் தக்காளி ஏற்றியிருக்கிறேன், மாங்காய் ஏற்றியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கிடாரும் டிரம் செட்டும் ஏற்றினேன்.

கிடார் என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. அவனும் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மெல்லிசைக் குழு என்றால் சினிமாப் பாட்டு என்றிருந்த காலம். இவர்கள் மட்டும் சொந்தமாகக் கட்டின பாட்டைத்தான் பாடுவோம் என்று நின்றார்கள். என் மாமனாருக்கு அது ஆகவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். கடைசியில் அப்பனும் மகனும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தீர்த்தமலைப் பக்கம் ஓர் ஊர் மாரியம்மன் பண்டிகையில் இவர்களுக்கு மேடை. அடுத்த வருசமும் வாங்க என்று அந்த ஊர் கூப்பிட்டால் கிடார், கூப்பிடாவிட்டால் பெங்களூர். மேடையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கமிட்டித் தலைவரிடம் என் சொல்லுக்கு மரியாதை இருந்தது.

பண்டிகை ராத்திரி முதலில் சேலத்திலிருந்து வந்திருந்த சினிமாப் பாட்டுக் குழு பாடியது. ஜனங்கள் துண்டுச்சீட்டில் விருப்பப் பாட்டை எழுதி மேடைக்கு அனுப்பியபடியே இருந்தார்கள். இவர்கள் ஏறியதும் இவர்களுக்கும் சீட்டு வந்தது.

மச்சான் மைக்கில், "மன்னிச்சுக்குங்க, எங்களுக்கு எங்க பாட்டு மட்டுந்தான் தெரியும்" என்றான்.

"அப்ப உங்க வூட்டுலயே பாடிக்கிறதுதானே?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

ரெண்டு பாட்டு எடுபடவில்லை. ஆட்கள் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போனார்கள். மூணாவது பாட்டை டிரம்ஸ்காரப் பையன் தொடங்கினான். அவன் அப்பா சாவுக்கு மேளம் அடிப்பவர். பிறந்ததிலிருந்து கேட்ட அந்த அடியை அவன் டிரம்ஸில் போட, மச்சான் அதன்மேல் கிடாரை ஓட்டினான். பாட்டு மழை பெய்யாத வருசத்தைப் பற்றியது. பஜ்ஜி தின்ற கையோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். இளவட்டங்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். சேலத்து டிரம்ஸ்காரரே மேடை ஓரத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றார். மச்சான் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவரிடம், "எம் மச்சானுங்க" என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது ஊர்ப் பெரியவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"காப்புக் கட்டின ஊருங்க இது. இப்ப எங்கூர்ல சாவு உழுந்தாக்கூட மேளமில்லாம கமுக்கமா எடுத்துட்டுப் போறோம். சாமி முன்னால எழவு அடி அடிக்கறீங்களே, யாரு செத்துட்டாங்க?"

ஆட்டம் நின்றது. அது என்ன அடி என்று அவர்கள் காலுக்கு முன்னமே தெரிந்திருந்தது. மனசுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் மேடைக்கு ஓடினேன். "பெரியவரே, பசங்க மழைக்குத்தான் பாடறாங்க."

"பாட்டு மழைக்கு. அடி எதுக்குங்க?"

செக்போஸ்ட்டிலும் போலீசிடமும் பேசியே ஜெயித்தவன் நான். அன்றைக்கு வந்த வழியே மேடையை விட்டு இறங்கினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

கமிட்டி ஆள் ஒருத்தர் டிரம்ஸ்காரனிடம், "நீ யாரு மகன்?" என்று கேட்டார். அவன் சொன்னான். கேட்டவர் சட்டென்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பையன் குனிந்து டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

சேலத்துக் குழுவுக்குத் தேங்காய், வெற்றிலை வைத்துக் கொடுத்து, அடுத்த வருசமும் வரணும் என்றார் தலைவர். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வேனில், "என்னாலதான்டா எல்லாம்" என்றான் டிரம்ஸ்காரன்.

"அது ஒண்ணுதான்டா நல்லா இருந்துச்சு" என்றான் மச்சான்.

விடியும்போது மாமனார் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று என்னைப் பார்த்தார்.

"கூட்டம் ஆடுச்சுங்க மாமா" என்றேன். அது நிஜம்தானே.

மச்சான் வேனிலிருந்து இறங்கினான். "ஆடுச்சுப்பா" என்றான். "பெங்களூருக்கு எத்தனை மணி பஸ்ஸுல போகட்டும்?"

மாமனார் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மகன் முகத்தைப் பார்க்காமல், "சாப்புட்டுட்டுப் போ" என்றார்.