உறுதுணையாக நின்ற அண்ணன்

திரையில் இருக்கும் வாக்கியத்திலிருந்து ஒரு காற்புள்ளியை எடுக்கிறார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கிறார். திருப்தியில்லை. எடுத்ததைத் திரும்பப் போடுகிறார். "இப்பத்தான் தம்பி அந்த வாக்கியம் மூச்சு விடுது" என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் தலையாட்டி வைக்கிறேன்.

இவர் என் எதிர்வீட்டுக்காரர். டயர் கடையில் கணக்கு எழுதுகிறார். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுவான். வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர், மற்றதில் பழைய பத்திரிகைக் கட்டு. நான் போனால் கட்டு தரைக்கு இறங்கும். வேறு யாருக்காகவும் அது இறங்கி நான் பார்த்ததில்லை.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு சட்டம் உண்டு. எதை எழுதினாலும் அது முன்பே எங்கே வெளியானது என்று சான்று காட்ட வேண்டும். அது இவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. "நாளைக்குத் தண்ணி வராதாம் சார்" என்றால், "யாரு சொன்னா? எங்க போட்டிருக்கு?" என்பார். குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'சான்று சார்'. முகத்துக்கு நேராகவே சொல்வோம், கோபப்படமாட்டார்.

அவர் கைவைப்பது ஒரே ஒரு கட்டுரையில். பெரிய இடத்து ஊழல்களைத் தோண்டி எடுத்து எழுதிய ஒரு பெண் பத்திரிகையாளரின் வாழ்க்கை வரலாறு. இவர் வந்தபோது நாலு வரியில் மொட்டையாகக் கிடந்ததாம். விடுமுறை நாட்களில் நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, பழைய இதழ்களைப் படமெடுத்து வந்து வளர்த்திருக்கிறார். "வழக்குப் போட்டாங்கன்னு மட்டும் எழுதிட்டு, அது தள்ளுபடியானத எழுதாம விட்டா அந்தம்மா பேரு என்னாகும்?" என்பார். அதற்காகப் புகழவும் விடமாட்டார். யாரோ 'அஞ்சா நெஞ்சத்தவர்' என்று சேர்த்ததை அன்றே தூக்கிவிட்டார். "செஞ்சத எழுதுனாப் போதும். மீதிய படிக்கிறவன் சொல்லிக்குவான்."

"என்ன சார், ஒருதலைக் காதலா?" என்று ஒருமுறை வாயை விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் யாரோ அந்தக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார்கள். 'மருந்துக் கம்பெனி மோசடியை இவர் அம்பலப்படுத்தியபோது, அதே கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்த இவருடைய அண்ணன், தன் வேலை பறிபோன நிலையிலும் உறுதுணையாக நின்றார்.' சான்றாக, அந்தப் பெண்மணியே அண்மையில் ஒரு வார இதழுக்குக் கொடுத்த பேட்டி. இவர் அந்த வரியை நீக்கினார். திரும்ப வந்தது. மறுபடி நீக்கினார். மறுபடி வந்தது. கூடவே, மேற்பார்வை பார்க்கிறவரின் கேள்வியும் வந்தது: 'சான்று தெளிவாக உள்ளது. இது தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?'

நான் போனபோது திரையில் அந்தக் கேள்விதான் இருந்தது. பத்திரிகைக் கட்டை இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என்ன விஷயம் என்று நின்றுகொண்டே கேட்டேன்.

"அந்தக் கிடங்குக்காரன் நான்தான் தம்பி. அவ என் தங்கச்சி." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "துணையா நின்னேனா நானு? கம்பெனிய மூடுன அன்னிக்கு அவ என்னப் பாக்க வந்தா. உள்ள விடல. 'என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி, இனி இந்தப் படி ஏறாத'ன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்த மருந்தக் குடிச்சுப் பிள்ளைங்க செத்தது நிஜம். பெட்டி பெட்டியா அனுப்புனவன் நானு. அப்பவும் எனக்கு என் வேலதான் பெருசாத் தெரிஞ்சுது."

"ஒரு போன் பண்ணிப் பேசுங்களேன் சார்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

"சரி, அந்த வரி இருந்துட்டுப் போகட்டுமே. அவங்களே மனசு வந்து சொல்லியிருக்காங்க."

"பொய் எழுதாதவன்னு பேரு எடுத்தவ அவ. எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கா. நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தா, இதுவே பொய்யின்னா மத்ததெல்லாம் நிஜமான்னு கேப்பான்ல?"

"அப்ப உண்மையச் சொல்லிடுங்க."

"சொந்தக்காரன்னு தெரிஞ்சா கட்டுரையத் தொட விடமாட்டாங்க தம்பி. அவகிட்ட எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

நாற்காலியை முன்னுக்கு இழுத்து, எழுதுகிறவர்கள் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'அந்த அண்ணன் நான். துணை நிற்கவில்லை. வாசலிலிருந்து விரட்டினேன்.' அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவரே என் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். பதில் வந்திருந்தது. என்னையே படிக்கச் சொன்னார். 'தங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் சொந்த நினைவு சான்றாகாது. வெளியானது பேட்டி மட்டுமே என்பதால் அந்த வரி நீடிக்கும். உறவினர் என்ற முறையில் தாங்கள் இனி இக்கட்டுரையைத் தொகுக்க வேண்டாம்.'

கட்டுரையும் போனது, பொய்யும் நின்றது. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் கட்டுரையைத் திறந்து அந்த வரிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் சுட்டி, திருத்துவதற்கான 'தொகு' என்ற சொல்லின்மேல் போய் நின்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்து, திரைக்குப் பக்கமாகக் குனிந்து, உதடு அசைய அந்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்.