சும்மா நிற்பவர்கள்

கணினியைத் திறந்ததும் முதலில் திரையின் ஓரத்திலுள்ள குப்பைத்தொட்டியை அழுத்திப் பார்க்கிறார். காலியாகத்தான் இருக்கிறது. முந்தின நாள் அணைக்கும்போது காலி செய்தவரும் அவர்தான். திரையில் ஒரு படம் கிடையாது, ஒரு கோப்பு கிடையாது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் விசைகளின் இடுக்கைத் தட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்.

எதிர்வீட்டுக்காரர். பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ஸ்டோர்காரர். "சும்மா நிக்கற ஆளு ஸ்டோருக்குள்ள எதுக்கு சார்? வேலைன்னா கூப்பிடறோம், அப்ப வரட்டும்" என்பார். கணினிக்கும் அதே சட்டம். கடையில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டுகள் முதல் நாளே வெளியே போயின. திறக்கும்போது தாமாக எழுந்து வரும் நிரல்களை எங்கே நிறுத்துவது என்று யாரோ சொல்லிக்கொடுக்க, ஒன்று விடாமல் நிறுத்திவிட்டார்.

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்குது பாருங்க!" என்று திரையைக் காட்டுவார்.

"சோபா மேல துவைச்ச துணி மலையா கெடக்கு. அதை மடிக்க ஆளில்ல" என்பார் மனைவி. "நான் ஜாக்கிரதையாத்தான் இருக்கேன் சார். என்னிக்காவது என்மேல அந்த அம்பை வச்சு அமுக்கிடுவாரு."

கணினி வாங்கியது தம்பிக்காக. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறுவயதில் இருவரும் கைகளால் உண்டாக்கிக்கொண்ட பேச்சு ஒன்று உண்டு. போனில் அது போகாது. பூர்வீக வீட்டை விற்றபோது வந்த சண்டைக்குப் பின் அந்தப் பேச்சும் நின்றிருந்தது. இப்போது தம்பியே இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை கணினியில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஞாயிறன்று சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு உட்கார்ந்தார். அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. "அவனுக்கு மனசு வரல. விடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

மறுநாள் மாலை தம்பி மனைவியான ஓர்ப்படியுடன் போனில் பேசிவிட்டு மனைவி வந்தார். "ரெண்டு வாரமும் கூப்பிட்டாராம். நீங்க எடுக்கவே இல்லியாம். அண்ணனுக்கு என் மூஞ்சிய பாக்கவே புடிக்கலன்னு சோத்துல கைய வச்சவரு எழுந்துட்டாராம்."

"எங்கடி அடிச்சுது? இங்கயேதான குந்தியிருந்தேன்!"

என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்தேன். நிறுத்திவைத்தவற்றில் அழைப்பைக் கொண்டுவருவதும் ஒன்று. அது எழுந்து உட்கார்ந்திருந்தால்தான் மணி அடிக்கும். சொன்னேன்.

"அது சும்மாதான சார் நின்னுட்டிருந்துது..." என்றார்.

"நிக்கறதுதான் அதோட வேலை" என்றார் மனைவி. "வாச்மேனையும் சேத்து வெளிய தள்ளியிருக்கீங்க."

அதை மீண்டும் ஓடவிட்டேன். நாமே கூப்பிடலாமே என்றேன். "எடுக்கலன்னா?" என்றார் ஸ்டோர்காரர். சற்று நேரம் மௌஸின் மேல் கை சும்மா இருந்தது. பிறகு அழுத்தினார்.

திரையில் தம்பி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்டோர்காரர் கணினியைக் காட்டினார், கதவை இழுத்துச் சாத்துவதுபோல் கையை அசைத்தார், தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். தம்பியின் முகம் மெல்ல இளகியது. இவர் இரண்டு கைகளையும் தூக்கி அடுத்ததைச் சொல்லத் தொடங்கியபோது படம் உறைந்தது.

எது சிக்கினாலும் மூலையிலிருக்கும் பெருக்கல் குறிக்கு உடனே பாய்கிறவர் அவர். "நின்னுபோச்சுங்க, மூடிட்டுத் திறங்க" என்றார் மனைவி.

அவர் திரும்பவில்லை. பாதியில் நின்ற வார்த்தையை அப்படியே அந்தரத்தில் ஏந்தியபடி, தம்பி அசைவதற்காகக் காத்திருந்தார்.